பூலாம்பாடி கலியமூர்த்தியின் ரத்தம்

தனவேல் அண்ணன் போன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. காலை ஏழரை மணி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு லேப்புக்கு வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா கையை நீட்டியபடியே, "உங்ககூட வேலை பாத்தாரே, உசரமா, அந்த சார் தவறிட்டாருங்களா? பஸ் ஸ்டாண்டு செவுத்துல போட்டோ போட்டு ஒட்டியிருக்காங்களே" என்றார். அப்போது ஊசி அவர் நரம்பில் இருந்தது. ரத்தத்தை எடுத்து முடித்தேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். டியூபில் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

நம் மாவட்டத்து லேப் ஊழியர்கள் சேர்ந்து அவர் படத்திறப்புக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறீர்கள். "மேரிக்கா, நீங்கதான் எழுதணும், நல்லதா நாலு வார்த்தை" என்று கேட்டீர்கள். அவரைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது, எழுதுகிறேன். ஆனால் கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்து எழுத எனக்கு வராது. தனவேல் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார். படித்துப் பார்த்துவிட்டு, போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் டாக்டரம்மா நடத்தும் லேப்பில் நாங்கள் இருவரும் பதினேழு வருடம் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். நான் வேலை தெரிந்துகொண்டுதான் அங்கே சேர்ந்தேன், அதனால் அவர் எனக்குக் குருவும் இல்லை, நான் அவருக்குச் சிஷ்யையும் இல்லை. நான் ரத்தம் எடுப்பேன், அவர் மெஷினைப் பார்ப்பார். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலிருந்து தினமும் சண்டை. மதியம் ஒன்றரைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சண்டை முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் விபத்தில் இறந்த வருடம், இருபது நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் அவர். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் லேப்பில் இரண்டு வழக்கங்கள் உண்டு, இரண்டும் அவர் வைத்தவை. வந்தவரிடம் "நீங்கதான முருகேசன்?" என்று கேட்கக் கூடாது. காது மந்தமானவர் எந்தப் பேருக்கும் தலையை ஆட்டிவிடுவார். "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். இரண்டாவது, ரிஜிஸ்டரில் தப்பு வந்தால் வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது. அதன் கீழே, தப்பு செய்தவரின் கையெழுத்து. டாக்டரம்மா ஒருமுறை தேதியை மாற்றி எழுதிவிட்டபோது அவரையே நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கியவர் அண்ணன்.

வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. அடுத்த கட்டடத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே ஒரு நாள், வயிற்று வலிக்காரர் ஒருவருக்குப் பித்தப்பையே சரியாகத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு எங்களிடம் அனுப்பினார்கள். மனிதர் சத்தியம் செய்யாத குறையாக, "வெறும் வயித்துலதாங்க வந்தேன்" என்கிறார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வடை எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவர் மென்று விழுங்கி, "ஒண்ணுதாங்க, கூட ஒரு டீ" என்றார். "கொழுப்பு குடலுக்குள்ள வந்துச்சுன்னா குடல் சும்மா இருக்காது. கோலிசிஸ்டோகைனின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். அது போயி பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரைப் பீச்ச வச்சிரும். சுருங்கிக் கெடக்குற பைய ஸ்கேன்ல எங்க தேடுறது? நாளைக்கு வாங்க. பச்சத்தண்ணியைத் தவிர வாயில ஒண்ணும் வைக்காதீங்க" என்று அனுப்பினார். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "வயிறு பொய் சொல்லாது மேரிம்மா. வாய்தான் சொல்லும்" என்றார். அதை அவர் சொல்லி நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே "வெறும் வயிறுதான்" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். முழுங்காவிட்டாலும் மென்றதற்கே இரைப்பை அமிலத்தைச் சுரக்க ஆரம்பித்துவிடும் என்பார். புளிப்பு இரைப்பையை விட்டுச் சிறுகுடலுக்கு இறங்கியதும் அங்கிருந்து செக்ரிட்டின் கிளம்பும். அதைக் கண்டதும் கணையம் காரநீரை அனுப்பிப் புளிப்பை அடக்கும். சோறு செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும்போதே, இன்சுலினைத் தயாராக வைத்துக்கொள் என்று குடலிலிருந்து கணையத்துக்குச் சொல்லியாகிவிடும். இதையெல்லாம் ஏதோ சொந்தக்காரர்கள் வீட்டுச் சேதி மாதிரி சொல்வார். "தபால்காரன் இல்லாத ஊரும்மா நம்ம வயிறு. எல்லாக் கடுதாசியும் ரத்தத்துலதான் போவுது. இங்க கடுதாசி போடாம மறைச்சு வைக்கிறவன் ஒருத்தன்கூடக் கெடையாது." பெஞ்சில் இருப்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் ஊசியை நீட்டிக்கொண்டு, "அண்ணே, பாடம் முடிஞ்சா கையைக் காட்டச் சொல்லுங்க" என்பேன்.

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பண்ணைக்காரர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, உடன் நாலு பேர். கண் லேசாக மஞ்சள். அண்ணன் அத்தனை பேர் முன்னாலும், "வெளிக்குப் போறது என்ன நெறங்க?" என்று கேட்டுவிட்டார். "என்னய்யா, நடுக்கூட்டத்துல கேக்குற கேள்வியா இது?" என்று அவர் சீறினார். அண்ணன் அசரவில்லை. "பித்தநீரு எறங்குனாத்தான் அதுக்கு நெறம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சுன்னா வழி எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். வெக்கப்பட்டுக்கிட்டு வூட்டுல இருந்தீங்கன்னா வெக்கம் மட்டும்தான் மிஞ்சும். சொல்லுங்க." அவர் சொன்னார். மறுநாளே திருச்சிக்குப் போனார், குழாயில் அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு லேப்புக்கு ஒரு கட்டுக் கரும்பு வந்தது. வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னவர் அவர்! யோசிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன தை மாதத்திலிருந்து அவர் சாப்பாடு குறைந்தது. முட்டை ஆம்லெட்டை என் மூடியில் வைத்துவிடுவார். வறுத்த மீன் என்றால் டப்பாவையே தள்ளிவிடுவார். "எண்ணெ ஒத்துக்கலம்மா" என்பார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். "என்னண்ணே, இந்த வயசுல அழகு கூடுது" என்று கேலி செய்தேன். சிரித்தார். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு இளைக்கிறது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை விரட்டி விரட்டி டாக்டரிடம் அனுப்பியிருப்போம். எதிரில் உட்கார்ந்து அவர் கொடுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தேன். என் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அது தனி.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அன்று முப்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கலியமூர்த்தி. பூலாம்பாடியில் மக்காச்சோள வியாபாரம் செய்கிறவர், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, அங்கேயே அளவைச் சொல்லி அனுப்பிவிடுவோம். அன்று விரலைக் குத்தியது நான்தான். சர்க்கரை அடக்கமாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு மெஷினிலிருந்து வந்த ரிப்போர்ட்டுகளில் கலியமூர்த்தி பேரில் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும் முறை அன்று எனக்கு. சர்க்கரை எகிறியிருந்தது. பித்தக் குழாய் அடைபட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதிகள் ஏறியிருந்தன. மஞ்சள் காமாலை கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கியிருந்தது. வழக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் திகைத்தேன். இவரிடம் முழங்கையில் ரத்தம் எடுத்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அவர் பேருக்கு எதிரே சர்க்கரைக்குப் பக்கத்தில் ஈரல் பரிசோதனைகளும் எழுதியிருந்தன, அண்ணன் கையெழுத்தில். "இது யாருண்ணே கேட்டது?" என்றேன். "டாக்டர் சீட்டுல இருந்துச்சு, நாந்தான் எழுதுனேன். நீதானம்மா ரத்தம் எடுத்தே, மறந்துட்டியா?" என்றார். நாற்பது கையில் ஊசி குத்துகிறவளுக்கு ஒரு கை மறந்து போகலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். "ரிப்போர்ட்டை என்கிட்ட குடு, அவரு வந்தா நான் பேசிக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கணையமோ பித்தக் குழாயோ, எதுவாயிருந்தாலும் ஒரு நாள் தாமதிக்கக்கூடாத ரிப்போர்ட் அது. அண்ணன் டீக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கலியமூர்த்திக்குப் போன் போட்டுவிட்டேன். மறுநாள் காலை மனிதர் பெண்டாட்டி, மைத்துனர் சகிதம் வந்து நின்றார். அந்த அம்மா அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்கிட்ட விரல்ல மட்டும்தானம்மா குத்துனீங்க" என்றார் அவர். பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, திரும்ப ரத்தம் எடுத்து ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் குண்டுக்கல் மாதிரி இருந்தார் கலியமூர்த்தி.

மெஷின் மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஏதாவது என்றால் அண்ணன் தன் கையை நீட்டி, "என் ரத்தத்தைப் போட்டு ஓட்டிப் பாரு, என் அளவுதான் நமக்குத் தெரியுமே" என்பார். வருடக்கணக்கில் உள்ள பழக்கம். அன்றும் ஊசியை எடுத்துக்கொண்டு போய், "கையைக் குடுங்கண்ணே" என்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எனக்குத் தலை சுத்துதும்மா, உன்னோடதைப் போடு" என்றார். என்னுடையதைப் போட்டேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

மெஷின் சரி, கலியமூர்த்தியும் சரி என்றால் அந்த ரத்தம் யாருடையது? நான் டியூபை மாற்றிவிட்டேன் என்றுதான் அர்த்தம். முப்பத்தெட்டு பேரில் யாரோ ஒருவர் உள்ளே அடைப்போடு, தனக்கு ஒன்றும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாளை நம்பி வீட்டில் இருக்கிறார். டாக்டரம்மா முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை. அவர் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஊசி வேணாம் மேரி, முன்னாடி பதிவைப் பாத்துக்க" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம். ரிஜிஸ்டரைத் திறந்து கலியமூர்த்தி பேருக்குப் பக்கத்தில், 'டியூப் மாறிவிட்டது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்துக் கொடுத்தது அண்ணன்.

அதற்குப் பிறகு அந்த முப்பத்தேழு பேரையும் தேடினோம். தேடினோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்துச் சொன்னார். சிலர் வந்து திரும்ப ரத்தம் கொடுத்தார்கள். சிலர் ஏசினார்கள். செட்டிகுளத்தில் ஒருவர் போனையே எடுக்கவில்லை என்று நானே பஸ் ஏறிப் போனேன். சின்ன வெங்காயம் பறித்துக்கொண்டிருந்தவரை வரப்பில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீதான் வெளிறிப் போயிருக்கே" என்று ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்து அனுப்பினார். அதில் பாதியை அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

முப்பத்தைந்து பேரைப் பிடித்துவிட்டோம், எல்லோருக்கும் சரியாக இருந்தது. இரண்டு பேர் மட்டும் அகப்படவே இல்லை. கொடுத்த நம்பரும் இல்லை, சொன்ன விலாசத்திலும் இல்லை. அதில் ஒருவர்தான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் போய் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பேர் தெரியாத அந்த ஆளை எப்படியாவது ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு தாயே என்று முழந்தாளிட்டு அழுதேன். திங்கட்கிழமை வந்து அதை அண்ணனிடம் சொன்னேன். குனிந்து பைப்பெட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர், "நல்லது பண்ணுன" என்றார்.

பங்குனியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "கண்ணு வலிம்மா, யாரும் கிட்ட வராதீங்க" என்றார். கண் வலிக்காரரை நேருக்கு நேர் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் சொல்லும். பார்வையால் ஒட்டாது, கை பட்டால்தான் ஒட்டும் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நாங்களே சொல்லியிருக்கிறோம். ஆனாலும் நான் உட்பட லேப்பில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவரோடு பேசினோம். படித்த எங்களுக்கும் அந்தப் பயம் போகாது என்பது அவருக்குத் தெரியும். ஐந்து நாள் அப்படி வந்தார். அதன் பிறகு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அரியலூரில் மனைவி வீட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் இருந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் மஞ்சளைக் கண்டுபிடிக்கிற மேரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டு வாங்கண்ணே" என்றாள்.

வாரம் ஒருமுறை போன் செய்வார். ஒரு தடவை, "அந்த ரத்தத்துக்காரரு கெடைச்சாராம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணே. இருக்காரோ, போயிட்டாரோ" என்றேன். அவர், "இருக்காரும்மா. நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆடி பிறந்து சில நாளில் அந்தச் சுவரொட்டி.

அன்றே அரியலூருக்கு ஓடினேன். அதற்குள் உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரோஜா அண்ணி பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிற அண்ணி அவர். கையைப் பிடித்தேன், உருவிக்கொண்டார். துக்கம் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணி லேப்புக்கு வந்தார். முற்பகல், பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். கலியமூர்த்தி, பூலாம்பாடி.

"இது உன் கையெழுத்துதான மேரி?"

"ஆமாங்கண்ணி."

"ஆனியில திருச்சிக்குப் போனப்ப டாக்டர் இதைப் பாத்துட்டு, மாசியிலயே தெரிஞ்சிருக்கே, ஏன் வரல, அப்பவே வந்திருந்தா கத்தி வச்சுப் பாத்திருக்கலாமேன்னு கேட்டாரு. கணையத்துல கட்டியாம். இதுல வேற பேரு இருக்கேன்னதுக்கு, லேப்புல பேரு மாத்திப் போட்டுட்டாங்கன்னு இவரு சொன்னாரு. நாலு மாசம் மேரி! நீ யாரு பேரையோ போட்டு யாருக்கோ குடுத்ததுல என் வூட்டுக்காரரு போயிட்டாரு. உன்னைக் கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சேனே."

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அண்ணி சொன்னது முழுதும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உள்ளே போனது. நான் ஊர் ஊராகத் தேடிய ரத்தம், மெழுகுவர்த்தி ஏற்றி அழுத ரத்தம், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு நம்பர் படித்துச் சொல்லியிருக்கிறது. விடிகாலையில் முதல் ஆளாக வந்து லேப்பைத் திறக்கிறவர் அவர். தன் கையில் தானே எடுத்திருக்கிறார். டியூபில் ஒட்டப் பேர் வேண்டுமே என்று, சர்க்கரைக்கு மட்டும் வந்த ஒருவர் பேரை எடுத்துக்கொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டைச் சத்தமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நான் போன் போட்டதில் அது கெட்டுப்போயிருக்கிறது.

அப்போதாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்திருப்பார். அது எனக்குப் புரிகிறது. இந்த நோய் என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. யாரும் தன் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். கத்தி வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் யார்? அவர் உயிர், அவர் முடிவு. ஆனால் என் பேர் என்னுடையது. டாக்டரம்மா முன்னால் நான் மன்னிப்புக் கேட்டு நின்றபோது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. சாகும்போதும், திருச்சியில் யாரோ ஒரு டாக்டர் முன்னால், மேரிதான் மாற்றிவிட்டாள் என்று சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார்.

ரிஜிஸ்டரை எடுத்துவந்து அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து அண்ணி முன்னால் வைத்தேன்.

"அண்ணி, டியூப் மாறணும்னா ரெண்டு பேரோட டியூப் இருக்கணும். கலியமூர்த்திது அண்ணனுக்கும் அண்ணனுது கலியமூர்த்திக்கும் போயிருக்கணும். இந்தப் பக்கத்துல அண்ணன் பேரு எங்க இருக்குன்னு பாருங்க."

அண்ணி விரலை வைத்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு பேர். ஒவ்வொரு பேராக வாய்க்குள் சொல்லிக்கொண்டே விரல் இறங்கியது. கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது தடவை, கலியமூர்த்தி பேருக்கு எதிரே ஈரல் பரிசோதனைகளை எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது அவரு எழுத்து" என்றார்.

"ஆமாங்கண்ணி."

"அவரு பேரு இல்ல இதுல."

"இல்லங்கண்ணி."

அண்ணி பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்ததையும் படித்தார். 'டியூப் மாறிவிட்டது. தவறு என்னுடையது.' என் கையெழுத்தையும் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

"தெனமும் ராத்திரி சோத்தை ஒதுக்குவாரு. கேட்டா, லேப்புல மேரி மீன் குடுத்துச்சு, வயிறு ரொம்பிருச்சுன்னு சொல்லுவாரு" என்றார்.

"எங்கிட்ட அவரு மீனைக் குடுத்துட்டு எண்ணெ ஒத்துக்கலன்னு சொன்னாருண்ணி."

அண்ணி சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் அழுகிறார் என்று தெரிந்தது. "ரெண்டு பேரையும் வச்சு ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரே படுபாவி" என்றார். நான் அப்போதுதான் அழுதேன். போகும்போது அந்த ரிப்போர்ட்டை அண்ணி எடுத்துக்கொள்ளவில்லை, என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவரை அறிந்த உங்களுக்கு இதையெல்லாம் சொல்லக் காரணம், அவர் படத்துக்குக் கீழே பொய் வேண்டாம் என்பதுதான். வயிற்றைப் பற்றி அவரைப் போல எடுத்துச் சொல்ல நம் மாவட்டத்தில் இனி ஆள் இல்லை. வெட்கப்பட்டவர்களைப் பேச வைத்து எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவர். அதெல்லாம் நிஜம். எனக்கு அவர் செய்ததும் நிஜம்தான். குடல் கணையத்துக்குச் சொல்வதைக்கூட ரத்தத்தில்தான் சொல்லும் என்பார். தனக்கு வந்ததை அவரும் என்னிடம் ரத்தத்தில்தான் சொன்னார், வேறொருவர் பேரைப் போட்டு.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் வைத்த அந்த வழக்கம் ஒன்றுதான். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து ஊசிப் பெட்டியைத் தானே எடுத்து என் மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ரிஜிஸ்டரை வாங்கி, நான் எழுதியிருந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. கலியமூர்த்தி பேர் மேலும் ஒரு கோடு. பக்கத்தில், 'கு. தனவேல், பெரம்பலூர்' என்று எழுதினேன். அவர் வாயால் சொல்லாத பேரை எழுதுவது அதுதான் முதலும் கடைசியும். கீழே தப்பு செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.